உறவுக்கு நாற்பதாயிரம்

சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தான் முஃபத்தல். முந்தின நாள்தான் அடித்திருக்க வேண்டும். வாசற்படி தாண்டும்போதே ஈர வாசனை மூக்கில் ஏறியது. இருபது வருஷமாக ஒரு மட்டை படாத வீடு அது. பார்க்க ஆள் வருகிறது என்றதும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளை உடுத்திக்கொண்டு நின்றது.

"பாத்தியா ரஹீமோ?" என்று முற்றத்தின் நடுவில் நின்று கைகளை விரித்தான். "தெத்துவான் ஊர்லயே இப்படி ஒரு முற்றம் இனிமே கிடைக்காது. நம்ம பாட்டனார் கட்டினது. தேவதாரு உத்திரம். இன்னிக்கு அந்த மரத்தை மட்டும் வாங்கப் போனா ஆளு கடனாளி ஆயிடுவான்."

ரஹீமோ கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். வடக்குச் சுவருக்குப் போய், இடுப்பு உயரத்தில், சாவி முனையால் ஒரு கோடு இழுத்தாள். வெள்ளை உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறம். இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுரண்டினாள். தோசைக்கல் மாதிரி ஒரு சிமென்ட் பட்டை அப்படியே கழன்று காலடியில் விழுந்தது. உள்ளே பழைய சுண்ணாம்புச் சுவர் நனைந்து, கறுத்து, அழுகிய பழம் போல நாறியது.

"ஏய், என்ன பண்ற!"

"வீட்டைப் பாக்கச் சொன்னீங்களே அண்ணே. பாக்கறேன்."

கூட வந்திருந்த கொத்தனார் லயாஷி குனிந்து, ஈரத்தில் விரலை வைத்து, நாக்கில் தொட்டுப் பார்த்தார். அறுபது வயது மனிதர். இந்த ஊர்ச் சுவர்களில் பாதியையாவது ஒரு தடவை இடித்துக் கட்டியவர்.

"மழைத் தண்ணி இல்ல. ஸ்குண்டோ," என்றார். மலை ஊற்றிலிருந்து வீட்டுக்கு வீடு சுவருக்குள்ளேயே ஓடும் பழைய மண்குழாயைத்தான் அந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். "குழாய் எங்கேயோ உடைஞ்சிருக்கு. அது பாட்டுக்குக் கசிஞ்சிருக்கு. அது மேல சிமென்டை அப்பி வாயை அடைச்சா, தண்ணி எங்க போகும்? மேலதான் ஏறும்."

"அதெல்லாம் சின்ன வேலை மேஸ்திரி," என்றான் முஃபத்தல்.

லயாஷி பெரிய அறைக்குள் போனார். ஸ்டூல் போட்டு ஏறி, உத்திரம் சுவரில் இறங்கும் இடத்தில் திருப்புளியை வைத்தார். தட்டக்கூட இல்லை. பிடி வரைக்கும் உள்ளே போனது.

"இது சின்ன வேலையா?" என்று ஸ்டூலில் நின்றபடியே கேட்டார்.

முஃபத்தல் கொட்டாவி விட்டான். அவனுக்கு அவசரம். வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு அவனுடையது. பாட்டனாரின் மகன் முஃபத்தலின் வாப்பா, மகள் ரஹீமோவின் அம்மா. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பங்கு பிரிந்து இந்தத் தலைமுறைக்கு வந்து சேர்ந்தது. தன் தம்பிக்கு வந்ததையும் ரஹீமோ காசு கொடுத்து வாங்கி, அம்மா வழி மூன்றில் ஒரு பங்கை முழுசாகத் தன் பேரில் வைத்திருந்தாள். இருபது வருஷமாகக் குடியிருந்தவர்களிடம் வாடகை வாங்கினது முஃபத்தல். அவளுடைய பங்கை ஞாபகம் வந்தால் கொடுப்பான். அவனுக்கு ஞாபக மறதி அதிகம்.

"என் பங்குக்கு ஆறு லட்சம் திர்ஹம்," என்றான். "நீ சொந்தம்கிறதால முதல்ல உங்கிட்ட சொல்றேன். டேஞ்சியர்லேர்ந்து ஒருத்தர் வர்றார். ஹோட்டல் போடறவர். அவர் வந்துட்டா அப்புறம் என் கையில இல்ல. ஒரு வாரம் டைம் தரேன்."

ஹோட்டல்காரன் கையில் மூன்றில் இரண்டு போய்விட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று ரஹீமோவுக்குத் தெரியும். கூட்டுச் சொத்து வேண்டாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பான். வீடு ஏலத்துக்கு வரும். அவனே எடுப்பான். அவள் பங்கும் அடிமாட்டு விலைக்குப் போகும். அந்த வீட்டை நம்பித்தான் அவள் இருந்தாள். பேட்டை வாசலில் அவள் வாடகைக்கு எடுத்திருக்கும் சமையல் கொட்டகையை வெயில் காலத்துக்குள் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. கல்யாணச் சமையல்காரிக்கு அடுப்பு வைக்க இடமில்லை என்றால் அவளோடு வேலை செய்யும் எட்டுப் பெண்களுக்கும் இடமில்லை.

அந்த முற்றத்தில் ஆறு அடுப்பு வைக்கலாம். வந்தவுடனே அவள் கண்ணால் அளந்துவிட்டாள்.

*

மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு இருபது கிலோ பாதாம் தோலுரிக்க வேண்டியிருந்தது. வெந்நீரில் ஊறிய பாதாமை விரலால் நசுக்கினால் தோல் தனியே, பருப்பு தனியே தெறிக்கும். ஃபாமா நசுக்கிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாக ரஹீமோவுக்கு வலது கை அவள்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். லயாஷி ஒரு ஓரமாக உட்கார்ந்து பீன்ஸ் கஞ்சியில் ஆலிவ் எண்ணெயை மிதக்க விட்டு ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

ரஹீமோ முட்டை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். அவள் கணக்கு எப்போதும் கடைசியிலிருந்துதான் தொடங்கும். பந்தியில் எத்தனை மேசை, மேசைக்குப் பத்துப் பேர், எழுந்திருக்கும்போது தட்டில் என்ன மிஞ்ச வேண்டும், அங்கிருந்து பின்னால் வந்து வந்து ஆட்டுக்கும் கோழிக்கும் விறகுக்கும் போவாள். முன்னாலிருந்து கணக்குப் போடுகிற சமையல்காரிகள் எல்லாரும் நடுப் பந்தியில் ஆள் அனுப்பி ரொட்டி வாங்கினவர்கள்தான்.

"மேஸ்திரி, அந்த வீடு முழுசா சரி பண்ணி நின்னா, அந்தச் சந்துல என்ன விலை போகும்?"

"ஒம்போது. யாராவது பத்துன்னா பொய்."

"ஒம்போது லட்சம். சரி. இப்ப பின்னால வாங்க. உத்திரம்?"

"பெரிய அறையில மூணு, மாடியில நாலு, மேல் தளம். ஒரு லட்சத்து இருபதாயிரம்."

"சுவரும் குழாயும்?"

"அவன் அப்பின சிமென்டை உரிக்கவே பத்து நாள் ஆகும். அறுபது."

படிக்கட்டு, சாக்கடை, கரண்டு, சமையல்கட்டு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் என்றார் லயாஷி. தரை ஓட்டுக்கு ஐம்பதாயிரம். ரஹீமோ எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் தானாக ஒரு எழுபதாயிரத்தைச் சேர்த்தாள்.

"அது எதுக்கு?" என்றார் லயாஷி.

"கூப்பிடாம வர்றவங்களுக்கு. நூறு பேருக்குச் சமைச்சா நூத்திப் பத்துப் பேர் வருவாங்க மேஸ்திரி. சுவத்துக்குள்ளயும் அப்படித்தான் யாராவது உக்காந்திருப்பான்."

"ஆமா, இருப்பான்," என்று ஒத்துக்கொண்டார் லயாஷி. சொல்லப்போனால் அவர் முதல் தடவையாக அவளை ஒரு மரியாதையோடு பார்த்தது அப்போதுதான்.

மொத்தச் செலவு நாலரை. ஒன்பதில் நாலரை போனால் நாலரை. அதுதான் இன்றைக்கு நிற்கிற நிலையில் முழு வீட்டின் விலை. அதில் மூன்றில் இரண்டு பங்கு மூன்று லட்சம். ரஹீமோ அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"மூணு! அவன் ஆறு கேக்கறான், நீ மூணுங்கற," என்று ஃபாமா பாதாமை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். "அவன் உன்னை மாடிப்படியில உருட்டி விடுவான் அக்கா."

"அவன் எதைக் கேட்டாலும் உத்திரத்துல திருப்புளி போன ஆழம் மாறாது."

அப்புறம் முட்டை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலை எடுத்து வட்டத்துக்குப் பக்கத்தில் நாற்பதாயிரம் என்று எழுதினாள்.

"இது என்ன? இன்னும் யார் வரப்போறா?" என்றார் லயாஷி.

"யாரும் வரல. இது உறவுக்கு. என் அம்மா செத்தப்ப அண்ணனோட வாப்பாதான் முன்னால நின்னு எல்லாம் செஞ்சார். என் மாமா. அவர் மகன்கிட்ட சந்தையில தக்காளி வாங்கற மாதிரி பேரம் பேச எனக்கு மனசு வரல. மூணு வீட்டுக்கு, நாற்பது மாமா பேருக்கு. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது."

மூன்று லட்சத்து நாற்பதாயிரம். வங்கியில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் இருந்தது. பெண்கள் சேர்ந்து போடும் சீட்டில் அவளுடைய முறை அடுத்த மாதம், அறுபதாயிரம் வரும். பாக்கிக்குக் கையில் ஏழு தங்க வளையல் இருந்தது. கல்யாணத்தன்று போட்டது, கிழமைக்கு ஒன்று. இருபத்தாறு வருஷமாகக் கழற்றாத வளையல்கள். அவற்றையும் சேர்த்தால் சரியாக அந்த எண்தான் வந்தது. பத்திரச் செலவுக்கும் மற்றதுக்கும் கல்யாண சீசனின் அட்வான்ஸ்தான் கதி.

*

முஃபத்தலின் ஃபிளாட் புது ஊரில், நாலாவது மாடியில் இருந்தது. வரவேற்பறையில் சுவரோரமாகச் சுற்றிலும் மெத்தை, மெத்தை மேல் பிளாஸ்டிக் உறை. ரஹீமோ உட்கார்ந்தாள். உறை கிரீச்சென்றது. அவன் மனைவி சமையலறை வாசலில் புதினாக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மூணு லட்சத்து நாற்பதாயிரம்," என்றாள் ரஹீமோ. முட்டை அட்டையை அவன் முன்னால் வைத்தாள். "கணக்கு இதுல இருக்கு அண்ணே. மூணு வீட்டுக்கு. நாற்பது மாமா பேருக்கு, நம்ம உறவுக்கு."

அவன் அட்டையைத் தொடக்கூட இல்லை. முதலில் சிரித்தான். அப்புறம் மனைவி பக்கம் திரும்பி, "டீ வேணாம், அடுப்பை அணை. இவ பேரம் பேச வரல, பிச்சை போட வந்திருக்கா," என்றான்.

அந்த ஊரில் விரோதி வந்தாலும் ஒரு கிளாஸ் புதினாத் தேநீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். கொலைக் கேஸில் சாட்சி சொல்ல வந்தவனுக்குக்கூடக் கொடுப்பார்கள். அவன் மனைவியே ஒரு நிமிஷம் திகைத்து நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

ரஹீமோவின் காது மடல் சுட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"கணக்குல தப்பு இருந்தா சொல்லுங்க. திருத்திக்கிறேன்."

"கோழிக்கும் வெங்காயத்துக்கும் கணக்குப் போடறவ எனக்குக் கணக்குச் சொல்லித் தர வந்துட்டா! உறவுக்கு நாற்பதாம்ல, நாற்பது! அதை நீயே வச்சுக்கோ. உன் அடுப்புக்குக் கரி வாங்கிப் போடு. டேஞ்சியர்காரர் அஞ்சரை லட்சத்துக்கு வந்துட்டார், தெரியுமா? அவர் உள்ள வந்தார்னா ஒரே வருஷத்துல கோர்ட், ஏலம். உன் மூணுல ஒண்ணுக்கு அப்ப யார் என்ன தர்றாங்கன்னு பாக்கலாம்."

"எனக்கு ஷுஃப்ஆ இருக்கு," என்றாள் அவள்.

இதைக் கேட்டதும் அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். பங்காளி ஒருவன் தன் பங்கை வெளியாளுக்கு விற்றால், அதே விலையைக் கட்டி அந்தப் பங்கைத் தானே எடுத்துக்கொள்ள மற்ற பங்காளிக்கு உரிமை உண்டு. அதுதான் ஷுஃப்ஆ. அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

"எடுத்துக்கோயேன்! தாராளமா எடுத்துக்கோ. அவர் குடுக்கிற விலையை நீ அப்படியே எண்ணி வைக்கணும். அஞ்சரை லட்சம் வச்சிருக்கியா? ஒரு லட்சத்தையாவது முழுசாப் பாத்திருக்கியா?"

ரஹீமோ முட்டை அட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள்.

"என் விலை அதுதான். இன்னிக்கும் அதுதான், அடுத்த மாசமும் அதுதான்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். நாலு மாடியும் வெறும் வாயோடு இறங்கி வந்தாள். தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு கேக் கடை வாசலில் நின்று, யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டு, பஸ் பிடித்தாள்.

*

அதற்கப்புறம் மூன்று வாரம் ஊரே அவளுக்குப் புத்தி சொன்னது. முஃபத்தல் சும்மா இருக்கவில்லை. காப்பிக்கடையில், பள்ளிவாசல் வாசலில், முடிவெட்டும் கடையில், போகிற இடமெல்லாம் "அஞ்சரை, அஞ்சரை" என்று தண்டோரா போட்டான். இறைச்சிக் கடைக்காரன் எலும்பை வெட்டிக்கொண்டே, "அக்கா, ஒரு அம்பதாவது ஏத்துங்க," என்றான். சீட்டுப் பெண்கள் கடன் வாங்கித் தருகிறோம் என்றார்கள். கொட்டகைச் சொந்தக்காரன் ஆள் அனுப்பி அடுப்புகளை அளந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஃபாமாகூட ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்தினாள். "எட்டுப் பேர் உன்னை நம்பி இருக்கோம் அக்கா! வீறாப்புல சோறு வேகுமா? வங்கியில கடன் வாங்கு. நாலரைன்னு சொல்லு, அவன் இறங்கி வருவான்."

அந்த வார்த்தை ரஹீமோவைச் சுட்டது. ஃபாமா சொன்னதில் தப்பில்லை என்பதுதான் இன்னும் சுட்டது. விடியற்காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால், அவள் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டாள். எங்கேயாவது அதிகமாகப் பயந்துவிட்டோமோ என்று ஒவ்வொரு வரியாகத் தேடினாள். ஒன்பதைப் பத்தாக்கிப் பார்த்தாள். லயாஷி சொன்னது ஞாபகம் வந்து அடித்தாள். எழுபதாயிரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடி எழுதினாள். உள்ளதை உள்ளபடி போட்டால் மூன்றுதான்.

ஃபாமா வந்ததும் சொன்னாள்: "நாலரைக்கு வாங்கினா அந்த வீட்டை நான் பூட்டித்தான் வைக்கணும். கூரை போட காசு இருக்காது. முதல் மழைக்கு உத்திரம் உங்க எட்டுப் பேர் தலையில விழும். அவன் கத்தறான்கிறதுக்காக மூணு நாலரை ஆயிடுமா? ஆகாது. நான் ஏத்த மாட்டேன்டி. தெருவுல அடுப்பு வச்சாலும் வைப்பேன், ஏத்த மாட்டேன்."

ஃபாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயக் கூடையை இழுத்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

நாலாவது வாரம் முஃபத்தலின் பங்கு விற்றுப்போனது. ரஹீமோவுக்கு அதை உறவுக்காரர்கள் யாரும் சொல்லவில்லை. சொன்னது தரகன் ஸல்லாம். அவன் வந்த வேகத்தைப் பார்த்து யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

"அக்கா, உங்க மாமன் மகன் மனுஷனா? ஒரு மாசம் அந்த டேஞ்சியர்காரனைக் கூட்டிட்டு வெயில்ல அலைஞ்சேன். பேசி முடிச்சது அஞ்சரை. என் கண்ணு முன்னால முடிச்சது. இப்ப கமிஷன் கேட்டா மூணு லட்சத்துக்குக் கணக்குப் போட்டுக் குடுக்கறான்! என்னய்யா இதுன்னா, பத்திரத்துல என்ன இருக்கோ அதுக்குத்தான் கமிஷன், வேணும்னா கோர்ட்டுக்குப் போங்கறான்!"

ரஹீமோவின் கையில் இருந்த கரண்டி நின்றது.

"பத்திரத்துல என்ன இருக்கு?"

"மூணு. வரி மிச்சம் பண்ண மூணுன்னு எழுதியிருக்கான். பாக்கி ரெண்டரை பையில. எல்லாரும் செய்யறதுதானே அக்கா, அதுக்காகத் தரகன் வயித்துலயா அடிப்பாங்க?"

எல்லாரும் செய்வதுதான். பத்திரத்தில் ஒன்று, பையில் ஒன்று. அந்த ஊரில் முழு விலையை எழுதுகிறவனைப் பார்த்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். ஆனால் அதைச் செய்கிறவன் முதலில் ஒன்று பார்ப்பான்: சொத்தில் வேறு பங்காளி உண்டா? முஃபத்தலும் பார்த்தான். பார்த்து, அவள்தானே, என்று விட்டுவிட்டான். ஊரெல்லாம் அஞ்சரை என்று கத்தி வைத்திருக்கிறோம், கோழிக்காரி கிட்டே வர மாட்டாள் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. காகிதத்தில் இருப்பதுதான் விலை, காப்பிக்கடையில் கத்துவது இல்லை என்பதை அவன் மறந்துபோனான். அவனுக்குத்தான் ஞாபக மறதி அதிகமாயிற்றே.

"ஸல்லாம், அந்தப் பத்திரத்தோட நகல் எனக்கு வேணும்," என்றாள் ரஹீமோ. "வாங்கித் தந்தா, நாளைக்குக் கல்யாண வீட்டுல முதல் பந்தியில உக்கார வச்சு, உனக்குத் தனியா, கோழியும் பாதாமும் வச்சுச் சுட்ட முழு பஸ்தியா ஒண்ணு போடறேன்."

"ரெண்டு போடுங்க," என்றான் ஸல்லாம். மறுநாள் சாயங்காலத்துக்குள் நகல் வந்தது.

எண்ணிலும் எழுத்திலும் மூன்று லட்சம் திர்ஹம். அவள் முட்டை அட்டையில் வட்டம் போட்ட அதே எண். அதைப் பார்த்து ஃபாமா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ரஹீமோவின் தோளில் முகத்தைப் புதைத்து, "கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ அக்கா," என்றாள்.

"வெங்காயத்தை நறுக்கு முதல்ல," என்றாள் ரஹீமோ.

அன்றைக்கே நகைக்கடைத் தெருவுக்குப் போனாள். வளையல்கள் கழலவில்லை. கடைக்காரன் சோப்புத் தண்ணீர் கொடுத்தான். ஏழையும் கழற்றித் தராசில் வைத்தபோது மணிக்கட்டில் வெளுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அதற்கப்புறம் பல நாள் மாவு பிசையும்போது வளையலை மேலே தள்ள இடது கை தானாகப் போகும். ஒன்றும் இருக்காது.

வக்கீல் ஒரு இளம் பெண். நகலை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை உங்க மாமன் மகன் நிஜமாவே எழுதினாரா?" என்று கேட்டாள். பணத்தை முறைப்படி டேஞ்சியர்காரனிடம் நீட்டினார்கள். அவன் வாங்க மறுத்தான். கோர்ட்டில் கட்டினார்கள். நிஜ விலை அஞ்சரை என்று நிரூபிப்பேன் என்று அவன் வக்கீல் குதித்தார். "தாராளமா நிரூபிங்க," என்றாள் இந்தப் பெண். "ரெண்டரை லட்சத்துக்கு வரி ஏய்ச்சோம்னு உங்க கட்சிக்காரரே ஜட்ஜ் முன்னால சொல்லட்டும். நாங்க கைதட்டறோம்." அதற்கப்புறம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

கொட்டகையைக் காலி பண்ண வேண்டிய நாள் வந்தது. தீர்ப்பு வரவில்லை. ரஹீமோ சொன்னபடியே செய்தாள். கல்யாண வீடுகளின் வாசலில், சந்து முனையில், தெருவில் அடுப்பு வைத்தாள். எட்டுப் பெண்களும் புகையில் இருமிக்கொண்டே கூட நின்றார்கள். இலையுதிர் காலத்தில் தீர்ப்பு வந்தது. முஃபத்தலின் மூன்றில் இரண்டு, பத்திர விலைக்கு, பத்திரச் செலவோடு, ரஹீமோவுக்கு. வீடு முழுசும் அவளுடையதானது.

*

முஃபத்தல் வந்தது குளிர் காலத்தில். டேஞ்சியர்காரன் பையில் கொடுத்த இரண்டரை லட்சத்தைத் திருப்பிக் கேட்டு முஃபத்தல் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான், இவன் அதில் மகனுக்குக் கார் வாங்கிவிட்டான், இப்போது அந்தக் காரை விற்கப் பார்க்கிறான் என்றெல்லாம் ஸல்லாம் ஏற்கெனவே வந்து சொல்லி, அதற்கும் ஒரு பஸ்தியா சாப்பிட்டுப் போயிருந்தான்.

வாசலில் நின்ற ஆளை ரஹீமோவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தான். வடக்குச் சுவர் முழுசும் சிமென்ட் உரித்துக் காய விட்டிருந்ததால் முற்றம் தோலுரித்த ஆடு மாதிரி இருந்தது. அதன் நடுவில் நாலு அடுப்பு எரிந்தது. அவன் அடுப்புகளைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"வாங்க ஐயா," என்றாள் ரஹீமோ.

அண்ணே இல்லை, ஐயா. அது அவனுக்கு உறைத்தது. முகம் சுருங்கியது.

பெரிய அறையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு தரையைப் பார்த்தபடி பேசினான்.

"ரஹீமோ, சட்டம் உனக்குக் குடுத்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நீயே வந்து சொன்ன விலை என்ன? மூணு நாற்பது. உன் வாயால சொன்னது. இப்ப உனக்கு மூணுக்குக் கிடைச்சிருக்கு. அந்த நாற்பதை எனக்குக் குடு. நான் கூடக் கேக்கல. நீ சொன்னதைத்தான் கேக்கறேன். அந்த ஆளு என் வாசலை விட்டு நகர மாட்டேங்கறான்."

அடுப்படியிலிருந்து ஃபாமா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். ரஹீமோ அவளைப் போகச் சொல்லித் தலையசைத்தாள்.

உள்ளுக்குள் ஒன்று இளகத்தான் செய்தது. உட்கார்ந்திருந்த விதம், தோளைக் குறுக்கிய விதம், அப்படியே மாமா. கொஞ்சம் விட்டால் பையைத் திறந்திருப்பாள். அப்போது அடுப்பை அணைத்த சத்தம் ஞாபகம் வந்தது. நாலு மாடிப் படியும் ஞாபகம் வந்தது.

"சொன்னேன். இல்லன்னு சொல்லல," என்றாள். "மூணு வீட்டுக்குன்னு சொன்னேன். அதைக் கோர்ட்டுல கட்டிட்டேன். நாற்பது உறவுக்குன்னு சொன்னேன். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் கை மறுபடி முழங்காலுக்குப் போனது.

"நீயே வச்சுக்கோன்னு சொன்னீங்க. வச்சுக்கிட்டேன். மேல பாருங்க."

அவன் தலையைத் தூக்கினான். அழுகிய மூன்று உத்திரங்கள் போய், புதுசாக மூன்று தேவதாரு உத்திரங்கள் சுவருக்குச் சுவர் ஓடின. இன்னும் எண்ணெய் பூசவில்லை. மரவாசனை அறை முழுக்க இருந்தது. லயாஷி நேற்றுத்தான் கடைசி ஆப்பை அடித்துவிட்டு இறங்கியிருந்தார்.

"உங்க நாற்பது அங்க இருக்கு. என் வளையலும் அங்கதான் இருக்கு. இனிமே அதைக் கீழ இறக்க முடியாது. இறக்கினா கூரை விழும்."

அவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, செருப்பைத் தேடினான்.

"உக்காருங்க," என்றாள் ரஹீமோ. தட்டில் தேநீர்ப் பாத்திரமும் இரண்டு கிளாஸும் தயாராக இருந்தன. அவன் வாசலில் நின்றபோதே ஃபாமாவிடம் கொதிக்க வைக்கச் சொல்லியிருந்தாள். பாத்திரத்தை உயரத் தூக்கி, நுரை வர ஊற்றினாள். புதினாவும் ஆரஞ்சுப் பூவும் மணத்தன. வளையல் இல்லாத கையால் கிளாஸை அவன் பக்கம் தள்ளினாள்.

"குடிச்சிட்டுப் போங்க. இந்த வீட்டுக்கு வந்தவங்களை நான் வெறும் வாயோட அனுப்பறதில்ல."

அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே, சுடச் சுட, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.